மரைப் பங்கு

நான் மாட்டு டாக்டர் இல்லை. மாட்டு டாக்டரின் கந்தோரில் எழுத்து வேலை பார்த்தவன். தோட்டத்தில் பிறந்து, சிங்களமும் கொஞ்சம் இங்கிலீஷும் படித்து, பதுளைக்கு மேலே ஒரு சின்ன டவுனில் மேசை பிடித்தேன். மேலிடத்திலிருந்து சிங்களத்தில் வரும் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கி, தோட்டம் தோட்டமாகப் போய், விடிகாலைப் பெரட்டில் வேலைக்கு நிற்கிற சனத்துக்கு வாசிப்பது என் உத்தியோகம். "மாட்டுக் கந்தோர்த் தம்பி வந்திருக்கு" என்பார்கள். அப்போது அதில் எனக்குப் பெருமை இருந்தது. இப்போது நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருஷம் எங்கள் பக்கம் கோமாரி வந்தது. வெலிமடைப் பக்கம் லொறியில் இறக்கிய மாடுகளோடு வந்தது என்றார்கள். மாட்டுக்கு வாயில் கொப்புளம் போடும், நுரை ஒழுகும், குளம்பு பிளந்து நடக்க முடியாமல் நிற்கும். பெரிய மாடு பெரும்பாலும் பிழைத்துவிடும், ஆனால் மடி வற்றிப்போகும். கன்றுக்குத்தான் ஆபத்து. காலையில் துள்ளிய கன்று மத்தியானம் நெஞ்சடைத்து விழுந்து செத்துக் கிடக்கும்.

மாடு மட்டும் என்றால் கட்டிவைத்துக் காப்பாற்றலாம். ஒரு மாதத்துக்குள் மரைகளுக்கும் வந்துவிட்டது. மரை என்றால் மானில் பெரியது, இந்தியாவில் கடமான் என்பார்கள். பகலில் பத்தனைப் புற்காட்டில் படுத்திருந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் லீக்ஸ் பாத்திக்கும் நாங்கள் மாட்டுக்கு அறுக்கிற புல்லுக்கும் இறங்கிவரும். ஆளைக் கண்டால் நிற்காத மிருகம், அந்த வருஷம் பட்டப்பகலில் தேயிலைக்குள் நொண்டிக்கொண்டு நின்றது. கொழுந்து எடுக்கிற பெண்கள் கூடையால் தட்டினாலும் நகரவில்லை என்று சொன்னார்கள்.

எங்கள் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். குடும்பம் அங்கே, அவர் இங்கே ஒரு அறையில் தனியாக. அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"தம்பி, மாட்டிட்டயிருந்து மரைக்குப் போட்டுது. இனி மரையிட்டயிருந்து மாட்டுக்கு வரும். மாட்டைக் கட்டலாம், மரையைக் கட்டேலாது. அதால வேட்டையைத்தான் ஒழுங்குபடுத்த வேணும். நான் சொல்லுறன், வடிவா எழுதும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மரையைக் கொல்வது சட்டப்படி குற்றம். இல்லாத வேட்டையை எப்படி ஒழுங்குபடுத்துவது? அவர் சிரிக்கவில்லை. சட்டத்தில் இல்லாத வேட்டை காட்டில் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாயை விட்டுத் துரத்துகிறார்கள், கம்பிச் சுருக்கு வைக்கிறார்கள். நாய் துரத்தினால் நோய்ப்பட்ட மரை அடுத்த மலைக்கு ஓடும், நோயும் கூட ஓடும். ஆகவே அந்தக் காலம் முடியும்வரை நாய் வேட்டையைக் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். நோய் முற்றிய மரைகளை வனக் காவலர்கள் நின்ற இடத்திலேயே சுட்டு, விழுந்த இடத்திலேயே சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும், ஒரு துண்டு இறைச்சியும் அங்கிருந்து போகக் கூடாது. இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னார். நோயுற்ற மரையையோ செத்த மரையையோ கண்டு வந்து சொல்கிறவன் மேல் வழக்கு வைக்கக் கூடாது, அவன் பேரைக்கூடக் கேட்கக் கூடாது.

"இந்தக் கடைசி வசனம்தான் முக்கியம். இது இல்லாட்டி மற்றதெல்லாம் வெறும் பேப்பர்" என்றார்.

நான் சிங்களத்தில் அழகாக எழுதி, டைப் அடித்து, மூன்று கந்தோர்களுக்கு அனுப்பினேன்.

பதில் வர நாளானது. நாய் வேட்டை ஏற்கெனவே தடைதான், அதை மீண்டும் அறிவிக்கலாம் என்று வந்தது. சுடுவதற்கான அனுமதி பரிசீலனையில் இருக்கிறதாம். அது வடக்கில் சண்டைக் காலம், எங்கே துவக்கால் சுடுவதென்றாலும் வேறு இரண்டு இடத்தில் அனுமதி கேட்க வேண்டும். கடைசி வசனத்தைச் சிவப்பு மையால் ஒரே கோடாக அடித்திருந்தார்கள். பக்கத்தில் விளக்கமும் இல்லை. டாக்டர் அந்தக் காகிதத்தை மடித்து என்னிடம் தந்தார். பிறகு, மிச்சத்தைத் தமிழில் எழுதி எல்லாத் தோட்டத்திலும் வாசியும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மிச்சம் என்றால் இவ்வளவுதான். மரையைக் கொல்வதும் அதன் இறைச்சியை வைத்திருப்பதும் தண்டனைக்குரிய குற்றம். நோயுற்ற அல்லது இறந்த மரையைக் கண்டால் உடனே அறிவிக்க வேண்டும். இரண்டையும் ஒரே காகிதத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக, என் கையாலேயே எழுதினேன்.

அதை என் அக்கா இருந்த தோட்டத்திலும் வாசித்தேன். நான் பிறந்த தோட்டமும் அதுதான். தோட்டத்து வழக்குகளுக்கு மத்திசம் செய்கிற தலைவர் ஒருவர், எனக்குச் சித்தப்பா முறை, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"தம்பி, செத்த மரையக் கண்டேன்னு ஒருத்தன் வந்து சொன்னா, கொன்னது யாருன்னு அவனத்தானே கேப்பாங்க?"

"அதப் பத்தி இதுல ஒண்ணும் எழுதலைங்க."

"எழுதலைன்னா?"

"எழுதலைங்க" என்றேன் மறுபடி.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். யாரும் வேறு கேள்வி கேட்கவில்லை. அவர்கள் ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் அதே தோட்டத்தில் ஒருவன், தேயிலை கவ்வாத்து வெட்டிய மலையில் சுருக்கில் மாட்டிச் செத்துக் கிடந்த மரையைப் பார்த்துவிட்டு யோக்கியமாகப் போய்ச் சொன்னான். ஜீப் வந்து அவனையே ஏற்றிக்கொண்டு போனது. மரைக்காகப் பிடித்தது மரையோடு நிற்கவில்லை. அடையாள அட்டை, அண்ணன் எங்கே இருக்கிறான், வவுனியாவில் யார் இருக்கிறார்கள் என்று விசாரணை எங்கெங்கோ போனது. அவன் பெண்சாதி சோற்றுப் பொட்டலத்தோடு டவுனுக்கு நடந்த நடையைப் பார்த்த சனம் அது. அவன் திரும்பி வந்தபோது யாரோடும் பேச்சு இல்லை.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தான் செத்து நாலு வருஷம். அவளுக்கு நெஞ்சுச் சளி, மலை ஏற முடியாது. செக்ரோலில், தோட்டத்து வேலைப் பதிவில், பேர் இல்லை. பேர் இல்லாதவளுக்குத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராவில், இருக்க உரிமையும் இல்லை. ஆனாலும் அவளை இருக்க விட்டிருந்தார்கள். காரணம் அவளுடைய பசு. செவலை நிறம், தலைச்சன் ஈற்று, அடங்கின மாடு. அதன் பால்தான் தொரை பங்களாவுக்கும் கணக்கப்பிள்ளை வீட்டுக்கும் போனது. பால் போகிற வரைக்கும் காம்பரா. இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கோமாரி என்ற பேச்சு வந்த நாளிலிருந்து அக்கா மாட்டை வெளியே அவிழ்க்கவில்லை. புல்லைக்கூடத் தேயிலைக்குள்ளேயே பொறுக்கி, கழுவிப் போட்டாள். கன்றை முந்தானையால் துடைத்துக்கொண்டிருப்பாள்.

பெரட்டில் நான் வாசித்து மூன்று வாரம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். சோறும் கறியும் போட்டாள். பசியில் இரண்டு வாய் தின்ற பிறகுதான் நாக்கு சொன்னது, இது மாட்டிறைச்சியும் இல்லை, ஆட்டிறைச்சியும் இல்லை.

"எங்கேயிருந்துக்கா இது?"

அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பங்கு வந்துச்சு."

எங்கள் தோட்டங்களில் காட்டு மிருகம் விழுந்தால் அதை ஒருவனோ நாலு பேரோ எடுத்துக்கொள்வதில்லை. லயத்தில் எத்தனை காம்பராவோ அத்தனை பங்கு. கைக்குழந்தைக்காரிக்கு ஒரு பிடி கூட. சைவமாக இருக்கிற பூசாரி வீட்டுக்கும் பங்கு போகும். அவர் அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார், ஆனால் தன் கையால் வாங்கியாக வேண்டும். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால், ஆகா என்ன ஒற்றுமை என்பார்கள். ஒற்றுமையும்தான். ஆனால் அதன் வேர் பயம். எல்லோர் வாயிலும் விழுந்தால் யாரும் வாய் திறக்க முடியாது. வாங்க மறுக்கிறவள் நாளைக்குக் காட்டிக்கொடுக்கப் போகிறவள் என்று அர்த்தம்.

விஷயம் நான் நினைத்ததைவிட மோசம். வெள்ளிக்கிழமை காலையில் ஒரு மரை மேல்மலைக் கானுக்குள், மழைத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலுக்குள், விழுந்து கிடந்திருக்கிறது. வாயில் நுரை, எழுந்திருக்க முடியவில்லை. கண்டவர்கள் பயந்துபோனார்கள். பிறகு செய்ததை இறைச்சி ஆசையால் செய்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. தோட்டத்துக்குள் மரை செத்துக் கிடந்தால் ஜீப் வரும், அறிவித்தால் அறிவித்தவனைப் பிடிக்கும், அறிவிக்காவிட்டால் அகப்பட்டவனைப் பிடிக்கும். சித்தப்பாவே முடிவு சொல்லியிருக்கிறார், மரையே இல்லாமல் பண்ணிவிடுவோம் என்று. அரை நாளுக்குள் தோல், கொம்பு, எலும்பு ஒன்றும் மிஞ்சவில்லை. இறைச்சியைப் பங்கு போட்டார்கள். அவர்களை அப்படிச் செய்ய வைத்த காகிதத்தை வாசித்தவன் நான்.

"நோய் மரைன்னு தெரிஞ்சா வாங்கின?"

"தெரியும்டா. வேணாம்னு சொல்லிட்டு இந்த லயத்துல நான் இருக்க முடியுமா? பேர் இல்லாத பொம்பள."

"இறைச்சி கழுவின தண்ணிய என்ன பண்ணின?"

"மாட்டுக் கழுநீர்ல ஊத்துவேனா? பாவம்டா. தனிச் சட்டியில கழுவி, கான்லதான் ஊத்தினேன்."

அவள் முகத்தில் ஒரு நிம்மதி. மாட்டுக்குப் பாவம் செய்யவில்லை என்ற நிம்மதி. கழுநீர்ப் பானையை எட்டவே வைத்திருக்கிறாள். மேல்வரிசைக் காம்பராக்காரர்களும் அப்படித்தான் செய்திருப்பார்கள், எல்லோரும் சாமிக்குப் பயந்தவர்கள். எல்லார் வீட்டு இறைச்சித் தண்ணீரும் கானில் விழுந்து, லயத்தைச் சுற்றி, அக்காவின் மாட்டுக் கொட்டிலை ஒட்டித்தான் கீழே போனது. கொட்டிலின் வாசலில் கன்று நின்றுகொண்டு, ஈரமான கான் கல்லை நக்கிக்கொண்டிருந்தது.

நான் தட்டை வைத்துவிட்டு ஓடிப்போய் கன்றை இழுத்துக் கட்டினேன். அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து கொட்டினேன். சலவைச் சோடா வாங்கிக் கரைத்துக் கானில் ஊற்றினேன். கொட்டிலுக்குப் போகிறவர்கள் காலைக் கழுவ வேண்டும் என்றேன். அக்கா பயந்துபோய் நான் சொன்னதையெல்லாம் செய்தாள். ஆனால் தண்ணீர் ஓடி இரண்டு நாள் ஆகியிருந்தது. செய்கிறபோதே கைக்கு அலுப்பாக இருந்தது.

அன்றைக்குச் சித்தப்பா வீட்டுக்கும் போனேன். டாக்டரிடம் சொல்லியாக வேண்டும் என்றேன். அவர் கோபப்படவில்லை.

"சொல்லு தம்பி. ஒன் கடமை. இங்க அம்பது வீடு இருக்கு, அம்பது வீட்டுலயும் ஒரு பொடியன் இருக்கான். எவனையாவது ஏத்துனா திரும்பி வருவானான்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

நான் வெளியே இறங்கினேன். நானும் தின்றிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. தெரியாமல் தின்றேன் என்றால் யாருக்கு வேண்டும் அந்த நியாயம்? பங்கு என்பது அப்படித்தான் வேலை செய்யும்.

திங்கட்கிழமை கந்தோருக்குப் போனால் ஊசி மருந்து வந்திருந்தது. ஐஸ் பெட்டி ஒன்றே ஒன்று. ஒரு தோட்டத்து மாடுகளுக்குச் சரியாகப் போதும், இரண்டுக்குக் காணாது. அடுத்தது எப்போது என்று கொண்டுவந்த டிரைவருக்கும் தெரியவில்லை. டாக்டர் சுவரில் இருந்த வரைபடத்துக்கு முன்னால் நின்றார். நோய் எந்தத் தோட்டத்தை முதலில் நெருங்குகிறதோ அங்கே போட வேண்டும். ஒன்று ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம், மற்றது அக்காவின் தோட்டம்.

"தம்பி, நேற்று உம்மட அக்காட்டப் போனனீர் எல்லோ. அங்கால மரை ஏதும் இறங்கினதா, செத்ததா, கதை ஏதும் உண்டோ?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தே வந்திருந்தேன். பஸ்ஸில் வரும்போது இரண்டு பதில் வைத்திருந்தேன். டாக்டர் மட்டும் என்றால் சொல்லியிருப்பேன். ஆனால் செத்த மரை என்று சொன்னால் அவர் அதை எழுத வேண்டும், எழுதினால் அது மூன்று கந்தோருக்கும் போகும். அந்த வசனத்தை அடித்த சிவப்பு மை யாருடையது என்பதே எங்களுக்குத் தெரியாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி எந்தக் கோயிலில் இருக்கிறான் என்றுகூடத் தெரியவில்லை.

"இல்லை சேர். ஒண்டும் இல்லை" என்றேன். அவரோடு பேசிப் பேசி எனக்கும் 'ஒண்டும்' என்று வந்துவிட்டிருந்தது.

"நல்லது" என்றார். பெட்டியை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். ஒவ்வொரு மாட்டுக்கும் ஊசி போட்டபோது பேர் எழுதினேன், கொம்பைப் பிடித்தேன்.

எட்டாம் நாள் அக்காவின் மாட்டுக்கு வாயில் நுரை கண்டது. அதற்கு அடுத்த நாள் கன்று. ஆள் அனுப்பியிருந்தாள். நான் போய்ச் சேரும்போது கன்று கொட்டிலில் கிடந்தது, அவள் அதன் தலையை மடியில் வைத்திருந்தாள். கன்று செத்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது என்று பக்கத்துக் காம்பராக்காரி என் காதில் சொன்னாள். அக்கா விடவில்லை, காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். பசு மூன்று காலில் நின்று கத்தியது. அன்றைக்கே லயத்தில் இன்னும் ஆறு கொட்டிலில் நுரை கண்டது. அந்தத் திங்கட்கிழமை இங்கே ஊசி போட்டிருந்தாலும் கன்றைக் காப்பாற்றியிருக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊசி பிடிக்க நாளாகும் என்று டாக்டரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். பல வருஷம் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

சுடுவதற்கான அனுமதி அந்த வாரமே வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று பக்கம். அரச காட்டுக்குள் மட்டும் சுடலாம், தோட்டக் காணிக்குள் கூடாது, அதற்கு வேறு இடத்தில் கேட்க வேண்டும். சுடுமுன் மரைக்கு நோய்தான் என்று வைத்தியர் பரிசோதித்து எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். மரையைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்து, கையெழுத்துப் போட்டு, பிறகு விட்டுச் சுடுவது எப்படி என்று எழுதவில்லை. டாக்டர் அதை வாசித்துவிட்டு என்னிடம் கொடுத்து, தமிழில் எழுதத் தேவையில்லை என்றார். அந்த மழைக்காலத்துக்குள் காட்டில் எத்தனை மரை செத்தது என்று யாருக்கும் தெரியாது.

டாக்டர் அக்காவின் கொட்டிலுக்கு வந்தார். பசுவின் வாயைக் கழுவி மருந்து தடவினார், குளம்புக்குத் தார் பூசினார். பிறகு எழுந்து சுற்றிப் பார்த்தார். கானைப் பார்த்தார், மேல்வரிசைக் காம்பராக்களைப் பார்த்தார், நான் கொட்டிய சாம்பல் காய்ந்து கிடந்ததையும் வெள்ளையாகப் படிந்த சோடாவையும் பார்த்தார். நோய் வருமுன்னே கொட்டிய சாம்பல் அது என்பது பார்த்தாலே தெரிந்தது. மழையில் கரைந்து மண்ணோடு இறுகியிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

கணக்கப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். மாட்டுக்கு எப்போது பால் திரும்பும் என்று கேட்டார். இந்த ஈற்றில் திரும்பாது என்று டாக்டர் சொன்னார். கணக்கப்பிள்ளை "சரிங்க" என்று சொல்லிவிட்டு, காம்பராவின் கதவை, கூரைத் தகரத்தை, ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார். அக்காவும் அவர் பார்த்ததைப் பார்த்தாள்.

டாக்டர் படிவத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் குந்தியிருந்து, முழங்காலில் வைத்து எழுதினேன். மாட்டுக்காரர் பேர், தோட்டம், மாட்டின் வயது, செத்த கன்று ஒன்று. கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. நோய் வந்த வழி என்று அங்கே போட்டிருந்தது. நான் தலையைத் தூக்கினேன்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தெரியாது எண்டு போடும்" என்றார்.

போட்டேன். அவர் வாங்கி, வாசித்து, கையெழுத்து வைத்தார். நடந்து போனார்.

அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். கன்று கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"அவ்வளவு பெரிய டாக்டருக்கே தெரியலையாடா? ஒனக்காவது தெரிஞ்சா சொல்லுவியே, தம்பி."

"தெரியலக்கா" என்றேன்.